விழுவதற்கென்று கட்டிய சுவர்

கையில் இரும்புக் கம்பியோடு பேரூராட்சிப் பொறியாளர் மத்தாப்புச் சரக்கு வைத்திருந்த பழைய கிட்டங்கியின் மேற்குச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தார். சித்திரை மாத நடுப்பகல். வெளியே தெருவில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. உள்ளே வந்து சற்று நேரம் ஆகியிருந்ததால் அவர் முதுகில் வியர்வை காய்ந்து, நீலச் சட்டையில் உப்புக்கோடு விழுந்திருந்தது.

குத்திய இடத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கூட வந்த அலுவலக உதவியாளரிடம், "எழுதிக்கோங்க," என்றார். "மேற்குச் சுவர், மண் சாந்து. கனம் குறைவு. ரெண்டு மூலையிலயும் பிடிப்பு இல்ல. கூரை ஓடு சும்மா அடுக்கி வச்சிருக்கு."

தையல் மெஷின் முன்னால் இருந்த காளீஸ்வரி மிதியை நிறுத்தவில்லை. "ஸார், சொவத்துக்கு ஊசி போட்டு முடிஞ்சதா? முடிஞ்சதுன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தல ஆய்வுக்கு வர்றதா முன்னறிவிப்புக் கொடுத்தீகளா?"

"நீங்க யாரு மேடம்?"

"தாசில்தாரம்மா," என்றாள் காளீஸ்வரி, எனக்கு முந்திக்கொண்டு.

உண்மையில் நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். மீதிப் படியை ஏற்றிவைத்தது ஊர். அரசாங்கம் கொடுக்காத அந்தப் பதவி உயர்வை எதிர்த்து நான் மேல்முறையீடு செய்யவில்லை.

பொறியாளர் கம்பியைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்திருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கி, கிட்டங்கியின் நிழலுக்குள் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

மேப்பில் இல்லாத தெரு

புறவழிச் சாலை வந்த கதையைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சாத்தூர் வாசகர் ஒருவர், "கிட்டங்கித் தெரு என்று ஒன்றை நீங்கள் கற்பனை செய்துகொண்டீர்களா? போனில் தேடினால் வரவில்லையே," என்று கேட்டிருந்தார். வராது. போனில் எங்கள் தெருவுக்குப் பெயர் கல்யாண மண்டபத்தின் பின்வாசல்.

சிவகாசிக்கு வெளியே, புறவழிச் சாலையை ஒட்டி, அடுக்குமாடிகளும் மொபைல் ஷோரூமும் ஷவர்மா கடையும் நிறைந்த ஒரு பேரூராட்சி எங்களுடையது. அதன் நடுவில் ஒரு பழைய தெரு வளைந்து கிடக்கிறது. சாலை போட்டவர்கள் மற்றதை எல்லாம் நேராக்கினார்கள். இதை நேராக்க வேண்டுமென்றால் தேவாலயத்தில் பாதியை இடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதியில் பலிபீடம் இருந்தது. அதனால் விட்டுவிட்டார்கள்.

தெருவின் முனையில் மிளகாய்க் கமிஷன் மண்டிக்காரர் கட்டிய மாடி வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள். இன்றைக்கும் மழை பெய்தால் அதன் கீழ்க்கட்டிலிருந்து காரம் கிளம்பும். அந்த வழியாகப் போகிறவர்கள் தும்மாமல் போனால் அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது லித்தோ அச்சகம். சாமி படக் காலண்டர்கள் அச்சான இடம். படம் வரைந்த கனமான கல் பலகைகள் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கப் பயன்படுகின்றன. ஒரு கல்லில் லட்சுமியின் ஒரு கை இன்னும் தெரிகிறது. அந்தக் கல்லில் மட்டும் யாரும் துவைப்பதில்லை.

அப்புறம் எங்கள் தேவாலயம், அதை ஒட்டி என் வீடு. கடைசியாக, மேற்குக் கோடியில், மத்தாப்புக் கிட்டங்கி.

சில மாதங்களுக்கு முன் கல்லூரிப் பிள்ளைகள் கேமராவோடு வந்து, "பாரம்பரியத் தெரு" என்று சொல்லி எங்கள் கதவுகளைப் படம் எடுத்துப் போனார்கள். நல்ல பிள்ளைகள். டீ கொடுத்தேன். ஆனால் பாரம்பரியம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த மாவட்டத்தில் ஒரு கோழிக்கூட்டைக்கூடக் காப்பாற்ற முடியாது. பழசு என்பதற்காக ஒரு கட்டடம் நிற்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். பழைய கட்டடங்களில் பல, கட்டிய அன்றே இடித்திருக்க வேண்டியவை. எங்கள் பழைய தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் ஆமோதிப்பார்கள்.

ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுவது அதற்குள் இருக்கும் ஆள். உள்ளே ஆள் இருக்கும்வரை அதை இடிக்கச் சில முறைகளைக் கடைப்பிடித்தாக வேண்டும். அந்த முறைகள் எனக்குத் தெரியும்.

மூன்று தடிச்சுவர், ஒரு மெலிந்த சுவர்

கிட்டங்கியைக் கட்டியது விருதுநகரில் பருப்பும் எண்ணெயும் மொத்த வியாபாரம் செய்த ஒரு குடும்பம். தீப்பெட்டியும் கலர் மத்தாப்பும் இந்தப் பக்கம் புதிதாக வந்த காலத்தில் சரக்கு அடுக்கி வைக்க ஊருக்கு வெளியே இடம் பார்த்தார்கள். அப்போது அது ஊருக்கு வெளியே. மேற்கே கரிசல் காடு, ஆள் நடமாட்டமே இல்லை.

வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்று பக்கமும் கையை நீட்டி அளந்தால் முழங்கைக்கு மேல் போகும் கனம். சுண்ணாம்புச் சாந்து. ஆணி அடித்தால் ஆணி வளையும். மேற்குச் சுவர் மட்டும் மெலிசு, அதுவும் மண் சாந்து. அது மற்றச் சுவர்களோடு கோத்துக் கட்டப்படவில்லை. இரண்டு மூலையிலும் செங்கல் நேர்கோடாக முடிந்து, ஒட்டினாற்போல் நிற்கிறது. கூரை உயரம், ஓடுகள் பூசப்படாமல் அடுக்கப்பட்டவை.

இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்கள் கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கலாம். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள். வெடிமருந்து இருக்கும் அறை பூட்டிய பெட்டியாக இருக்கக் கூடாது. வெடித்தால் வேகம் வெளியேற ஒரு வழி வேண்டும். கூரை பறக்க வேண்டும், ஒரு பக்கம் விழ வேண்டும். ஆள் இல்லாத பக்கமாக விழ வேண்டும். அப்போதுதான் மற்ற மூன்று பக்கம் இருப்பவர்கள் பிழைப்பார்கள்.

அந்த மேற்குச் சுவர் விழுவதற்கென்றே கட்டப்பட்டது. விழும் சந்தர்ப்பம் அதற்கு வரவில்லை. மத்தாப்பு வியாபாரம் கைமாறிப் போய், கிட்டங்கி காலியாகி, ஒரு தலைமுறைக்கு மேல் பூட்டிக் கிடந்தது. கரிசல் காடு பிளாட் ஆனது. பிளாட் கல்யாண மண்டபம் ஆனது. இப்போது அந்த மெலிந்த சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபத்தின் கார் நிறுத்துமிடம்.

கிரேஸ் அக்காவின் இறுக்கச் சட்டைகள்

கிரேஸ் அக்கா அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தேவாலயத்தில் எனக்கு முன் வரிசை. பிரசங்கம் நீண்டால் திரும்பி என்னைப் பார்ப்பார்; நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். எங்கள் நட்பு அப்படித் தொடங்கியது.

வார்டில் பிழைத்து வீட்டுக்குப் போனவர்களின் கதை அங்கே முடிவதில்லை என்பார் அக்கா. வெந்த தோல் ஆறும்போது தடித்து, இழுத்து, விரல்களை மடக்கிவிடும். அதைத் தடுக்க உடம்பை ஒட்டிய இறுக்கமான சட்டையும் கையுறையும் மாதக்கணக்கில் போட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஆளுக்கு ஆள் அளவு எடுத்துத் தைக்க வேண்டும். ஆறும்போது அளவு மாறும். மறுபடி பிரித்துத் தைக்க வேண்டும். அதற்காக மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இரண்டு தடவைக்கு மேல் ஏறுவதில்லை.

அக்கா தையல் மெஷின்களை வாங்கிப் போட்டார். தைக்க வந்தவர்களும் அப்படி வெந்து பிழைத்தவர்களே. காளீஸ்வரி ஒரு காலத்தில் சரவெடி பின்னியவள். பக்கத்து அறையில் மருந்து பற்றியபோது இவளுடைய கையும் கழுத்தும் ஒரு கன்னமும் போயின. வாய் மட்டும் சேதாரமில்லை என்று அவளே சொல்வாள்.

முதலில் என் வீட்டு மாடியில்தான் தைத்தார்கள். கான்கிரீட் தளம். பங்குனி பிறந்ததும் ஒருத்தி மயங்கி விழுந்தாள், அடுத்த நாள் இன்னொருத்தி. அப்போதுதான் அக்கா எனக்கு விளக்கினார். வெந்து ஆறிய தோலில் வியர்க்காது. வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. நமக்குப் புழுக்கம் என்றால் அவர்களுக்கு அது காய்ச்சல். அதற்கு மேல் இறுக்கச் சட்டை வேறு. இந்த ஊர் வெயிலில் அவர்களை உட்கார வைத்து வேலை வாங்க ஒரு குளிர்ந்த இடம் வேண்டும்.

ஏசி போட்டால் மின்கட்டணம் அக்காவின் ஓய்வூதியத்தைத் தின்றுவிடும். தெருவில் எந்தக் கட்டடம் சித்திரையிலும் குளிர்ந்திருக்கிறது என்று நாங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். மிளகாய் வீட்டில் தும்மல். அச்சகத்தில் இருட்டு. கிட்டங்கியின் பூட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த காற்றில், கிணற்றுப் படியில் இறங்கினாற்போல் இருந்தது. தடிச்சுவர் வெயிலை உள்ளே விடாது. மெலிந்த சுவரின் மேலே, கூரையை ஒட்டி விட்டிருந்த துவாரங்கள் சூட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தன. மருந்துக்காகச் செய்த ஏற்பாடு, அந்த மருந்தால் வெந்தவர்களுக்குப் பயன்பட்டது.

உரிமையாளர் ஆறுமுகம் அண்ணாச்சி விருதுநகரில் இருக்கிறார். போனில் கேட்டோம். "சும்மா கெடக்குறதுதானே, எடுத்துக்கோங்கம்மா. எலி இல்லாமப் பாத்துக்கோங்க, அது போதும்," என்றார்.

கண்ணில் படுகிறவர்கள்

மண்டபத்தின் மேலாளர் கெட்டவர் அல்ல. முதல் தடவை வரும்போது கையில் கல்யாண வீட்டு லட்டு டப்பாவோடு வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அக்காவிடம். "வாசல்ல ஒரு ஸ்கிரீன் போட்டுக்கிட்டா நல்லா இருக்கும். நாங்களே வாங்கித் தர்றோம். கார்ல இருந்து எறங்குறவுக கண்ணுல நேரா இங்கனதான் படுது."

"எது படுது?" என்றாள் காளீஸ்வரி.

அவர் லட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டு, "பொதுவாச் சொல்றேன்," என்றார்.

"பொதுவா என் மூஞ்சியச் சொல்றீக. லட்டை வச்சிட்டுப் போங்க."

திரை வரவில்லை. அதற்குப் பதிலாகப் பேரூராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. மெலிந்த சுவரால் கார் நிறுத்துமிடத்தில் விருந்தினர்களின் உயிருக்கு ஆபத்து, தக்க நடவடிக்கை எடுக்கவும். தக்க நடவடிக்கை என்ற சொல்லை வாழ்நாள் முழுவதும் எழுதியவள் நான். எதையாவது இடிக்கும்போதோ எதையும் செய்யாமல் விடும்போதோதான் அதை எழுதுவோம்.

அந்த மனுவின் மேல்தான் பொறியாளர் கம்பியோடு வந்தார். பிறகு கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்: அபாயகரமான நிலையில் உள்ள கட்டடம், ஏன் இடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும்.

அண்ணாச்சி போனில் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "எதுக்கும்மா வம்பு? இடிச்சிட்டுப் போகட்டும். நாளைக்கு ஒரு கல்லு விழுந்து ஒருத்தன் மண்டை ஒடைஞ்சா என்னையத்தானே பிடிப்பான்?"

"அண்ணாச்சி, அந்தச் சுவரு ஏன் அப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்க தாத்தா கட்டுனதுதானே. வெடிச்சா காட்டுப் பக்கம் போகட்டும்னு வச்சது."

"அதை விசாரணையில வந்து சொல்லுவீகளா?"

அந்தப் பக்கம் யாரையோ மூட்டை இறக்கச் சொன்னார். பிறகு, "சீசன் நேரம்மா, வத்தல் லோடு வந்துக்கிட்டே இருக்கு. நீங்களே பாத்துக்கோங்க," என்றார். ஆனால் இடிக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. வியாபாரிகளின் தைரியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கையெழுத்துப் போடாமல் இருப்பது. அதை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை.

எனக்கு அது போதும். அறிவிப்பை உரிமையாளருக்கு மட்டும் சார்வு செய்திருந்தார்கள், அதாவது முறைப்படி சேர்ப்பித்திருந்தார்கள். உள்ளே இருக்கும் அனுபவதாரருக்கு, அதாவது கிரேஸ் அக்காவுக்கு, எதுவும் வரவில்லை. அனுபவதாரரையும் கேட்க வேண்டும், அதுவும் இடத்திலேயே கேட்க வேண்டும் என்று மனுப் போட்டேன். என் தமிழைப் படித்துப் பேரூராட்சிச் செயல் அலுவலர் பெருமூச்சு விட்டதாக அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அந்தத் தமிழை எனக்குக் கற்றுக் கொடுத்ததே அந்த அலுவலகங்கள்தான்.

மனுதாரர் போட்ட பந்தல்

விசாரணை நாளன்று தெருவில் ஷாமியானா போட்டிருந்தது. அபாயகரமான கட்டடத்துக்குள் அலுவலர்கள் நுழையக் கூடாது என்பதால் தெருவிலேயே மேசை. வெள்ளை உறை போட்டு, முதுகில் ரோஸ் நிற நாடா கட்டிய நாற்காலிகள். மண்டபத்துச் சொத்து.

"ஐயா," என்றேன் செயல் அலுவலரிடம், "மனுதாரர் பந்தலும் நாற்காலியும் போட்டுக் கொடுத்த விசாரணையை நான் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. இதையும் பதிவு செஞ்சுக்கோங்க."

இளம் வயதுக்காரர். எழுந்து தன் நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, அலுவலகத்திலிருந்து நாற்காலி எடுத்து வரச் சொன்னார். அது வரும்வரை எல்லோரும் நின்றோம். மேலாளருக்கு வருத்தம்.

முதலில் அவர் பேசினார். சுவர், கார், விருந்தினர், உயிர். பிறகு பொறியாளரின் அறிக்கை வாசிக்கப்பட்டது. மண் சாந்து, பிடிப்பில்லை, கனம் குறைவு, இடிப்பது உகந்தது. வாசிக்கும்போது பொறியாளர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுபவதாரர் தரப்பு?" என்றார் செயல் அலுவலர்.

"உள்ளே இருக்காங்க," என்றேன். "எல்லோரும் பேசணும்னு விரும்புறாங்க."

"வெளியே வந்து சொல்லச் சொல்லுங்க."

கிட்டங்கியின் வாசலுக்குள்ளிருந்து காளீஸ்வரியின் குரல் வந்தது. பந்தலுக்கும் வாசலுக்கும் நடுவில் வெயில் ஒரு கீற்றுத்தான். ஆனால் பந்தலுக்குக் கீழே அனல் இன்னும் மோசம்.

"ஸார், எங்களுக்கு வேர்க்காது. அங்கன வந்து நின்னா நான் நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள மயக்கம் வந்திரும். மயங்கி விழுந்தவ சொன்னதை எப்படி எழுதுவீக? நீங்க உள்ள வாங்க."

"அது அபாயமான கட்டடம்மா."

"நாங்க தெனமும் இருக்கோம். எங்க மேல விளாத சொவரு ஒங்க மேல மட்டுமா விளப்போகுது? அம்புட்டு மரியாதை தெரிஞ்ச சொவரா அது?"

பந்தலில் சிரிப்பு. அலுவலக உதவியாளரும் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் செயல் அலுவலருக்கு நிலைமை புரிந்தது. அனுபவதாரரைக் கேட்காமல் உத்தரவு போட்டால் மேல்முறையீட்டில் அது முதல் வாய்தாவைத் தாண்டாது. கேட்க வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு, அபாயகரமான கட்டடம் என்று எப்படி எழுதுவது? என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவர் பொறியாளர் பக்கம் திரும்பினார். "உள்ளே போகலாமா, வேண்டாமா? நீங்கதானே பார்த்தீங்க. சொல்லுங்க."

பொறியாளர் கிட்டங்கியின் வாசலைப் பார்த்தார். போகலாம் என்றால் அறிக்கை போச்சு. வேண்டாம் என்றால் விசாரணை போச்சு.

"ஒரு கேள்வி கேட்கலாமா?" என்றேன். "ஸார், உங்களுக்கு எந்த ஊரு?"

"தாயில்பட்டி."

"வீட்டுல யாராவது கம்பெனி வேலைக்குப் போனாங்களா?"

"அம்மா," என்றார். "மருந்து ரூம்லதான்."

"அந்த ரூமுக்குக் கூரை எப்படி இருக்கும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதை நோக்கிப் போகிறேன் என்பது அவருக்கு முதல் கேள்வியிலேயே தெரிந்திருந்தது. கம்பியால் குத்திய அன்றைக்கே தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சுவரைப் பார்த்த நிமிடத்தில் தெரியும்.

மேலாளர் எழுந்தார். "ஸார், இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத..."

"உள்ள போகலாம் ஸார்," என்றார் பொறியாளர், செயல் அலுவலரிடம். சொல்லிவிட்டு அவரே முதலில் எழுந்து வெயிலைக் கடந்து வாசலுக்குள் போனார்.

நாங்கள் பின்னால் போனோம். கிரேஸ் அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியை ஒதுக்கி மேசையைக் காலி செய்து கொடுத்தார். தைத்து முடித்த இறுக்கச் சட்டைகள் கொடியில் தொங்கின. மனித உடம்பின் நிறத்தில், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில். செயல் அலுவலர் ஒரு சின்னக் கையுறையைப் பார்த்து நின்றார். ஏழு எட்டு வயதுப் பிள்ளையின் கை அளவு.  

பொறியாளர் மேற்குச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். அன்று கம்பி குத்திய ஓட்டைகள் அவர் தோளுக்கு நேராக இருந்தன.

"எழுதிக்கோங்க," என்றார் உதவியாளரிடம். அதே சொல், குரல் வேறு. "இந்தச் சுவர் பலவீனமானதால் இப்படி இல்ல. வெடிபொருள் வைக்கிற கட்டடம்ங்கிறதால, வெடிச்சா இந்தப் பக்கம் மட்டும் விழணும்னு தனியாக் கட்டியிருக்கு. கூரையும் அதுக்காகத்தான் லேசா இருக்கு. இப்ப உள்ள வெடிபொருள் எதுவும் இல்ல. சுவர் செங்குத்தா நிக்குது. சாய்வு இல்ல, விரிசல் இல்ல. கம்பி குத்துன ஓட்டை மட்டும் இருக்கு. அது நான் போட்டது."

செயல் அலுவலருக்குக் கோபம். "அப்ப முதல் அறிக்கையில இதை ஏன் எழுதல?"

"அறிக்கைப் படிவத்துல சாந்து என்ன, கனம் என்ன, பிடிப்பு இருக்கான்னுதான் ஸார் கேட்டிருக்கு. எதுக்காகக் கட்டுனதுன்னு எழுத இடம் இல்ல."

நான் சிரிக்கவில்லை. முழுப் பணிக்காலத்தையும் அப்படிப்பட்ட கட்டங்களுக்குள் கழித்தவர்களுக்கு அந்தப் பதில் சாக்காகத் தெரியாது. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் கட்டடங்கள் மட்டுமல்ல, ஆட்களும் அப்படித்தான் இடிக்கப்படுகிறார்கள்.

"அம்மா எப்படி இருக்காக?" என்று காளீஸ்வரி அவரைக் கேட்டாள். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று கேட்பதற்குப் பதிலாக இந்தப் பக்கத்தில் இதைத்தான் கேட்பார்கள்.

"இருக்காங்க. கைதான் மடங்கிருச்சு," என்றார் அவர்.

"கூட்டிக்கிட்டு வாங்க. அக்கா பாப்பாக."

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். விசாரணை தேவைக்கு மேல் நீண்டது. உள்ளே சுகமாக இருந்தது. யாருக்கும் எழுந்து வெயிலுக்குப் போக மனமில்லை. மேலாளர்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எந்தச் சுவர் என்று நான் சுட்டிக்காட்டவில்லை. அலுவலக உதவியாளர் காட்டினார்; மேலாளர் துள்ளி எழுந்தார்.

அறிவிப்பைக் கைவிட்டு உத்தரவு வந்தது. மேற்குப் பக்கம் சுவருக்கு அப்பால் சற்றுத் தூரத்துக்குக் கார் நிறுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் அதில் இருந்தது. எதிர்காலப் பாதுகாப்பு கருதி என்று செயல் அலுவலர் எழுதியிருந்தார். நான் கேட்காதது. நல்ல அலுவலராக வருவார்.

முகூர்த்த நாள்

வைகாசியின் முதல் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மேலாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை லட்டு இல்லை.

"ஜெயிச்சிட்டீக, சரி. நான் அதைப் பத்திப் பேச வரல," என்றார். "நாளைக்கு மட்டும் இந்தக் கதவைச் சாத்தி வைங்கம்மா. ஒரு நாள்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரக வெளியூரு. சின்னப் பிள்ளைக பாத்தாப் பயப்படுது."

கிரேஸ் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "கதவைச் சாத்தினாக் காத்து வராது தம்பி. இவுகளால உட்கார முடியாது."

"அப்ப நாளைக்கு லீவு விட்டிருங்க. ஒரு நாள் கூலி நாங்க தர்றோம்."

அவருடைய குரலில் கெடுதல் இல்லை. அதுதான் எனக்குக் கோபம் மூட்டியது. அந்த மனிதர் மீது உத்தரவு வாங்கலாம், தடை வாங்கலாம். ஆனால் கண்ணில் படாமல் இருங்கள் என்று ஒருவர் பணிவாகக் கேட்டால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த முறைகள் அதோடு முடிந்தன.

காளீஸ்வரி மெஷினை விட்டு எழுந்தாள். "அண்ணாச்சி, நாளைக்கு மாப்பிள்ளை காரு வருதுன்னா வெடி போடுவீகள்ல?"

"போடாமயா? சிவகாசிக் கல்யாணம்."

"அதப் பாத்துப் பிள்ளைக பயப்படாதா?"

"அது சந்தோசம்மா. குதிக்கும்க."

"அதச் செஞ்சவளப் பாத்தா மட்டும் பயப்படும்ங்களாக்கும். சரி, பயப்படட்டும். கொஞ்ச நேரம் பாத்தாச் சரியாயிரும். என் பேரப்பிள்ளை பாக்கலியா? போயி வேலையப் பாருங்க."

அவர் போனார்.

மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போல் வந்தார்கள். யாருக்கும் லீவு இல்லை. அவர்களில் ஒருத்தி தலையில் பூ வைத்து வந்திருந்தாள். முகூர்த்த நாள் என்றால் அவளுக்கும் முகூர்த்த நாள்தானே. நானும் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டேன். நாதஸ்வரம், ஜெனரேட்டர், பன்னீர் வாசம். கார்கள் வரிசையாக வந்து நின்றன. இறங்கியவர்களில் சிலர் எங்களைப் பார்த்துச் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி மட்டும் பார்வையை எடுக்கவில்லை. அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். சிறுமி நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பயம் மாதிரித் தெரியவில்லை.

மாப்பிள்ளை கார் திரும்பியதும் சரவெடியைக் கொளுத்தினார்கள். சரவெடிக்குத் தடை இருப்பது எனக்குத் தெரியும். கல்யாண மண்டபங்களுக்கு மட்டும் இன்னும் சார்வு செய்யப்படவில்லை போலும். தெரு முழுக்கப் புகை. சிவப்புக் காகிதத் துணுக்குகள் காற்றில் ஏறி எங்கள் வாசலுக்குள் வந்து விழுந்தன. மேற்குச் சுவர் அசையவில்லை. அதைச் சொல்லாமல் விட முடியாது.

காளீஸ்வரி வாசல் நிழலில் வந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், பாட்டுக் கேட்கிறவர்கள் கேட்பது போல. சத்தம் அடங்கியதும் தெரு திடீரென்று காலியானாற்போல் இருந்தது. புகைக்குள்ளிருந்து மேலாளர் தெரிந்தார்.

"அண்ணாச்சி!" என்று கூப்பிட்டாள், கல்யாணக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிற குரலில். "நடுவுல ரெண்டு எடம் விட்டு விட்டு வெடிச்சது, கேட்டீகளா? பின்னுனவளுக்குக் கை பழக்கமில்ல. நான் பின்னுன சரத்துல ஒண்ணு விட்டுப்போகாது. அடுத்த கல்யாணத்துக்கு வாங்கையில என்னைய ஒரு வார்த்தை கேளுங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் சத்தமாகச் சிரித்தார். "அவ சொல்றது சரிதாம்லே," என்றார் யாரிடமோ. "நானும் கேட்டேன்."

காளீஸ்வரி திரும்பி உள்ளே வந்தாள். கிட்டங்கிக்கு இரட்டைக் கதவு. நாங்கள் ஒன்றைத்தான் திறந்து வைத்திருந்தோம். இன்னொன்றின் தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. மடங்கிய விரல்களால் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். வரவில்லை. செருப்புக் காலால் ஓர் உதை விட்டாள்.

அந்தக் கதவும் திறந்தது.